பழகிடுமாம்

அந்த ஆடியோவைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்று நான்கு நாளாக வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். நேற்று ராத்திரி என் கூடப் பிறந்த ராத்தாவே (அக்காதான்) அதைக் குடும்ப குரூப்பில் போட்டு, கீழே கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மை மூன்று வைத்திருந்தார். இனியும் சும்மா இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

எந்த ஆடியோ என்று தெரியாதவர்கள் தயவுசெய்து தேடாதீர்கள். தெரிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். கல்யாணமாகி ஏழு மாதம், ஜெர்மனிக்குப் போய் மூன்று மாதம் ஆன நம்ம ஊர்ப் பிள்ளை ஒன்று தன் தோழிக்கு மனசு விட்டுப் பேசியது. தோழிக்கு. எனக்கோ உங்களுக்கோ, ஷார்ஜாவில் ரூமில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போட்டுச் சிரித்த மச்சான்மாருக்கோ இல்லை. கீழக்கரையில் கிளம்பி, ஏர்வாடி, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று ராமநாதபுரம் கடற்கரை முழுக்க ஒரு சுற்று வந்துவிட்டது. அரசாங்க பஸ்கூட இவ்வளவு வேகமாக அந்தப் பாதையில் போகாது.

சிரித்தவர்களை விட்டுவிடுகிறேன். எனக்குத் தாங்க முடியாதது, ரொம்ப நல்லவர்கள் மாதிரி ஒரே ஒரு வார்த்தை எழுதினார்களே, அவர்கள்தான். "பழகிடும்மா." "போகப் போகப் பழகிடும்." "எல்லாருக்கும் இருக்கறதுதான், பழகிடும்." எங்கள் குரூப்பில் மட்டும் பதினோரு பேர். எண்ணினேன். கணக்கு டீச்சர் இல்லையா, எண்ணாமல் இருக்க முடியாது.

கணக்கு டீச்சர் என்று சொல்லிக்கொள்கிறேன். இருந்தேன், அவ்வளவுதான். ஊரில் ஐந்து வருஷம் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவள். நான் வராண்டாவில் வரும் செருப்புச் சத்தம் கேட்டாலே ஐம்பது பிள்ளைகள் கப்சிப். 2017 ஜனவரியில் மச்சானோடு, அதாவது என் வீட்டுக்காரரோடு, ஜெர்மனியில் ஹனோவர் வந்து இறங்கினேன். இரண்டாவது வாரம் ரொட்டிக் கடைக்குத் தனியாகப் போனேன். கடைக்காரம்மா மூன்று யூரோ எண்பத்தாறு சென்ட் என்று சொல்லியிருக்கிறார். ஜெர்மன்காரர்கள் எண்பத்தாறை 'ஆறும் எண்பதும்' என்று திருப்பிச் சொல்வார்கள். எனக்கு முதலில் காதில் விழுந்தது ஆறு, அப்புறம் எட்டு. அறுபத்தெட்டு என்று கணக்குப் போட்டு, சில்லறையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மேசையில் வைத்தேன். அவர் திரும்பச் சொன்னார். நான் திரும்பவும் அதே காசைக் காட்டினேன். மூன்றாவது தடவை சத்தமாகச் சொன்னார். எனக்குக் காது கேட்காது என்று நினைத்தாரோ என்னவோ. பின்னால் நின்றவர் ஒரு பெருமூச்சு விட்டார் பாருங்கள், அது இன்னும் என் பிடரியில் இருக்கிறது.

பதினெட்டு சென்ட் குறைச்சல். அதற்காக வீட்டுக்கு வந்து பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். மச்சான் கேட்டதற்கு வெங்காயம் என்று சொன்னேன். பாத்ரூமில் என்ன வெங்காயம் என்று அவரும் கேட்கவில்லை, பாவம்.

இதை யாரிடம் சொல்வது? "கடையில பதினெட்டு சென்ட் கம்மியாக் கொடுத்துட்டேன் உம்மா" என்றால் உம்மா சிரித்திருப்பார். எனக்குப் போனது காசா? என்னிடம் இருந்த ஒரே கெட்டிக்காரத்தனம் எண்தான். அந்த ஊர் போய் இறங்கியதும் முதலில் அதைத்தான் பிடுங்கிக்கொண்டது. அந்தப் பிள்ளை ஆடியோவில் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான். அதன் வார்த்தைகளை நான் இங்கே திருப்பி எழுத மாட்டேன், போதும் அது பட்டது.

சரி, பழகாதா என்று கேட்பீர்கள். பழகும். எட்டு வருஷத்துக்கு மேல் இருக்கிறவள் சொல்கிறேன், பழகும். ஆனால் 'பழகும்' என்பது பஸ் வரும் என்று சொல்கிற மாதிரி இல்லை. நின்றுகொண்டே இருந்தால் வராது. ஜெர்மனி அரசாங்கத்துக்கே அது தெரிந்திருக்கிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு என்று அவர்கள் நடத்தும் வகுப்பில் மொழிக்கு மட்டும் 600 பாட வேளை, நாட்டைப் பற்றி 100 பாட வேளை. மொத்தம் 700. அதை முடித்தாலும் கிடைப்பது நடுத்தர மொழிதான். நம்ம ஊர் குரூப் பேராசிரியர்களுக்கு மூன்று மாதமே ஜாஸ்தி.

என் பி.எட்.டை எடுத்துக்கொண்டு ஏறி இறங்கினேன். அங்கே பள்ளி ஆசிரியர் என்றால் பொதுவாக இரண்டு பாடம் படித்திருக்க வேண்டும். நான் கணக்கு மட்டும். இப்போது ஒரு பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளைகள் என் உச்சரிப்பைத் திருத்துவார்கள். அதற்கு நான் கோபப்படுவது இல்லை. இது பழகியது.

ஞாயிற்றுக்கிழமை கதையையும் சொல்லிவிடுகிறேன். வந்த புதிதில் ஒரு ஞாயிறு காலை மீன் ஆணத்துக்குத் தேங்காய் அரைக்க ஊரிலிருந்து தூக்கிக்கொண்டு போன மிக்ஸியைப் போட்டேன். நம்ம மிக்ஸி சத்தம் தெரியும்தானே, மாடியில் போட்டால் தெருமுனை வரை கேட்கும். கீழ்வீட்டுப் பாட்டி ஏறி வந்துவிட்டார். கோபமாகப் பேசவில்லை, கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டி "சோன்டாக், சோன்டாக்" என்றார். ஞாயிறாம். அங்கே ஞாயிறு ஓய்வு என்பது அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. கடை கிடையாது, சுவரில் ஆணி அடிக்க முடியாது, காலி பாட்டிலைப் பொதுத் தொட்டியில் போட்டால்கூடச் சத்தம் என்பார்கள். நம்ம ஊரில் ஞாயிறுதான் எல்லா வீட்டு அம்மியும் மிக்ஸியும் ஓடும். அந்தப் பாட்டி மேல் தப்பே இல்லை. ஆனால் அன்றைக்கு அரைபட்ட தேங்காயைப் பார்த்துக்கொண்டு நின்றேனே, என் வீட்டு அடுப்படியில் நானே திருடி மாதிரி. அதற்கு யாராவது ஒரு பெயர் வைத்துக் கொடுங்கள். 'பழகிடும்' வேண்டாம்.

அந்த வருஷ நோன்பு மே கடைசியில் ஆரம்பித்து ஜூனில் முடிந்தது. ஊரில் பதினான்கு மணி நேரம் சொச்சம். அங்கே ராத்திரி பத்து மணிக்குப் பக்கத்தில்தான் நோன்பு திறக்கவே முடியும். நேரத்தைத் தாங்கிக்கொள்ளலாம். சாயங்கால அசர் தொழுகைக்கு அப்புறம் தூக்குவாளியோடு பள்ளிவாசலுக்கு ஓடும் பிள்ளைகள் சத்தம் இல்லை, பாங்குச் சத்தம் இல்லை, ஃபோனைப் பார்த்துப் பேரீச்சம்பழத்தை வாயில் போட வேண்டும். துருக்கிக்காரர்கள் பள்ளிவாசலுக்குப் போனோம். பயான் (மார்க்கப் பேச்சு) முழுக்கத் துருக்கி மொழியில். பெண்கள் பக்கம் ஒரு அம்மா என் கையில் பருப்பு சூப் கிண்ணத்தைத் திணித்து ஏதோ சொன்னார். ஒரு சொல் புரியவில்லை. நோன்புக் கஞ்சி இல்லைதான், ஆனாலும் குடித்தேன்.

இப்போது பின்னூட்டத்தில் வரப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே பதில்.

"யார் போகச் சொன்னா? கஷ்டம்னா டிக்கெட் போட்டு வந்துட வேண்டியதுதானே?" இதைச் சொன்னவர் இருபது வருஷம் குவைத்தில் இருந்தார். மாதா மாதம் அதே வசனத்தை அவருக்கே சொல்லிக்கொண்டாராம், ஆனால் டிக்கெட் மட்டும் போடவில்லை. இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

"குடும்ப விஷயத்தை வெளியே சொல்லலாமா?" வெளியே விட்டது அவளா, நீங்களா?

"ஊரோடு ஒத்து வாழ்." இது நியாயம். நானும் ஞாயிற்றுக்கிழமை மிக்ஸி போடுவதில்லை. ஒத்து வாழ்கிறவர்களுக்கு அழுகை வராது என்று எந்தப் பெரியவரும் சொன்ன மாதிரி தெரியவில்லை.

அடுத்ததுதான் பெரிய கேள்வி, எனக்கும் சுருக்கென்று தைத்த கேள்வி. "பாலைவனத்துல வெயில்ல வேலை பார்த்த சபராளி கஷ்டம் தெரியுமா உனக்கு? ஏசி வீட்டுல புருஷன் பக்கத்துல உக்காந்துக்கிட்டு என்ன அழுகை?" ஏசி இல்லை, அங்கே வீடுகளில் ஏசி வைப்பது அபூர்வம், அது கிடக்கட்டும். என் வாப்பா 1983 முதல் 2006 வரை சவூதியில், தம்மாமில். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு மாத லீவு. என் வாழ்க்கையில் நான் வாப்பாவோடு ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் 20 வயது வரை இரண்டு வருஷம்கூட வராது. சபராளி கஷ்டத்தை எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். ஒத்துக்கொள்கிறேன், அவர்கள் பட்டது பெரிது. எங்களுடையது சின்னது. ஆனால் ஒன்று கேட்கிறேன்: அவர்கள் அழுதபோது நீங்கள் என்ன செய்தீர்கள்? அவர்களிடமும் "பழகிடும்" என்றுதானே சொல்லி அனுப்பினீர்கள்? மூன்று தலைமுறையாக, முதலில் கொழும்பு, அப்புறம் வளைகுடா, இப்போது ஐரோப்பா என்று கப்பலும் பிளேனும் ஏற்றி அனுப்பிக்கொண்டே இருக்கும் கரை இது. உம்மாவின் வாப்பா கொழும்பில் புறக்கோட்டைக் கடைக்கு தனுஷ்கோடியிலிருந்து கப்பல் ஏறியவர். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போனது, அந்த வழியும் அதோடு போனது. இத்தனை வருஷ அனுபவத்துக்கு, போகிறவர்களுக்குச் சொல்ல நம்மிடம் இருப்பது ஒரே ஒரு சொல்.

நானும் யோக்கியம் இல்லை. இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ராமநாதபுரத்தில் கல்லூரி படிக்கும்போது மண்டபம் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து ஒருத்தி என் வகுப்பில் படித்தாள். 1990இல் நான்கு வயதில் படகில் வந்தவள். முகாமில் தலைக்கணக்கு எடுக்கும் நாளில் கல்லூரிக்கு வர மாட்டாள். ஒரு நாள் மதியம் சாப்பிடும்போது அம்மாவுக்கு இன்னும் தூக்கத்தில் ஊர் ஞாபகம் வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கேட்டேன், "பதினஞ்சு வருஷமா இங்கதானே இருக்கீங்க, இன்னுமா பழகல?" நான்தான் கேட்டேன். அவள் டிபன் பாக்ஸை மூடிவிட்டு, "நீ ஒரு நாள் வீட்டுக்கு வா" என்றாள். நான் போகவே இல்லை. கீழக்கரையிலிருந்து மண்டபம் என்ன சந்திரமண்டலமா? 2021இல் முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று அரசாங்கம் பெயர் மாற்றியபோது அவள் ஞாபகம் வந்தது. நம்பர் இல்லை.

இதை ஏன் இதில் கொண்டுவந்தேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. கை போன போக்கில் வந்துவிட்டது, இருக்கட்டும்.

இன்று காலை உம்மாவுக்கு ஃபோன் போட்டு ராத்தாவைப் பற்றிக் கத்தினேன். உம்மாவும் "அந்தப் புள்ளைக்குப் பழகிடும்" என்றுதான் ஆரம்பிப்பார் என்று சண்டைக்குத் தயாராக இருந்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேசட் கதை சொன்னார். அந்தக் காலத்தில் வாப்பாவுக்குக் கடிதம் போதாமல் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். எங்கள் சத்தம், ஆட்டுக்குட்டிச் சத்தம் எல்லாம் அதில் இருக்கும். உம்மா பேச ஆரம்பித்தால் பாதியில் அழுகை வந்துவிடுமாம். அந்த இடத்துக்கு ரீவைண்ட் செய்து, அழித்துவிட்டு, "இங்க எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று முதலிலிருந்து பேசுவாராம். ஒரு கேசட்டுக்கு ராத்திரி முழுக்கக்கூட ஆகியிருக்கிறதாம்.

"ஒரு தடவ அழிக்காம அனுப்பிட்டேன்" என்றார். "தூக்கம் வந்துருச்சு."

அந்தக் கேசட்டை எடுத்துப் போனது எதிர்வீட்டுக் காக்கா (அண்ணன்). ஊரிலிருந்து பம்பாய், பம்பாயில் ரூமில் ஒரு வாரம், அப்புறம் தம்மாம். வாப்பா கைக்குப் போவதற்குள் எத்தனையோ பேர் கை மாறியிருக்கிறது. பம்பாய் ரூமில் டேப் ரிக்கார்டர் இருந்தது. எல்லார் கையிலும் நேரமும் இருந்தது.

"யாராச்சும் போட்டுக் கேட்டாங்களா உம்மா?"

"அது எப்படிம்மா கேப்பாங்க? மேலதான் வாப்பா பேரு எழுதியிருந்துச்சே."

ராத்தாவுக்கு இதை அப்படியே தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறேன். நீலக் குறி விழுந்துவிட்டது, பதில் இல்லை. அந்தப் பிள்ளையின் நம்பரை அதன் மாமியார் வழியாக வாங்கிவிட்டேன். இன்று ஞாயிறு, எப்படியும் வீட்டில்தான் இருக்கும். குளிர்கால நேரத்தில் ஊருக்கும் ஜெர்மனிக்கும் நாலரை மணி நேர வித்தியாசம் என்பதை ஊரிலிருந்து ஃபோன் செய்கிறவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், விடியற்காலை எழுப்பாதீர்கள்.