பார்வை திரும்பாது என்று சொன்ன பிறகு: கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கு

"இனி செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று கண் டாக்டர் சொல்லிவிட்டால் நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் இரண்டு காரியம் நடக்கிறது. ஒன்று, நாலாவது டாக்டர், ஐந்தாவது டாக்டர், அதற்கப்புறம் யாரோ சொன்ன சொட்டு மருந்து. இன்னொன்று, அந்த ஆளை நாற்காலியில் உட்காரவைத்து, காபியைக் கையில் கொடுத்து, குடித்த டம்ளரையும் கையிலிருந்தே வாங்கிக்கொள்வது. முதலாவதில் கையிருப்பு கரையும், அது உடனே தெரிந்துவிடும். இரண்டாவதன் சேதம் ஆறு மாசம் கழித்துத்தான் தெரியும். சொந்த வீட்டு பாத்ரூமுக்குப் போகவும் ஆள் கூப்பிடுகிற நிலைக்கு மனுஷர் வந்திருப்பார்.

டாக்டர் சொன்னதற்கு அர்த்தம், மருந்தும் ஆபரேஷனும் முடிந்தது என்பது மட்டும்தான். அன்றைக்கே அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, "குறை பார்வைப் பிரிவுக்கு எழுதித் தருவீங்களா?" பெரிய கண் மருத்துவமனைகளில் இது தனிப் பிரிவு. மிச்சமிருக்கும் பார்வையை அளந்து, உருப்பெருக்கியோ சின்னத் தொலைநோக்கியோ எது உதவும் என்று பழக்கிக் காட்டுவார்கள். கடையில் வாங்கிய பூதக்கண்ணாடி வீட்டு அலமாரியில் தூங்குவதற்குக் காரணம் அதன் தரம் இல்லை, பிடிக்கிற விதம். லென்ஸைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, தாளை லென்ஸை நோக்கிக் கொண்டுவர வேண்டும். கையை நீட்டிப் பிடித்தால் ஒரு நேரத்தில் இரண்டு எழுத்துக்கு மேல் தெரியாது, சலிப்புதான் வரும்.

செலவில்லாத உதவியும் இருக்கிறது. எவர்சில்வர் தட்டில் தயிர்சோறு போட்டால் குறை பார்வைக்காரருக்குச் சோறு எது தட்டு எது என்று பிரியாது. கரு நிறத் தட்டில் போடுங்கள். வாழை இலை இன்னும் உத்தமம். மாடிப்படியில் முதல் படி, கடைசிப் படி ஓரத்தில் மட்டுமாவது பளிச்சென்ற மஞ்சள் பட்டை ஒட்டுங்கள். படிக்கும்போது விளக்கு முன்னால் இருந்தால் கண் கூசும், தோளுக்குப் பின்னாலிருந்து வரட்டும்.

அடுத்தது சான்றிதழ். நல்ல கண்ணில், கண்ணாடி போட்ட பிறகும், 3/60-க்குக் குறைவாகத் தெரிந்தால் (அதாவது சாதாரணக் கண் 60 மீட்டரில் பார்ப்பதை 3 மீட்டரில்கூடப் பார்க்க முடியாவிட்டால்) 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அது பார்வையின்மை. 6/18-லிருந்து 3/60 வரை குறை பார்வை. பலர் கோட்டை விடுவது மூன்றாவது வழியில்: எழுத்து நன்றாகத் தெரிந்தாலும், சுற்றுப்பார்வை 10 டிகிரிக்குள் சுருங்கிவிட்டால் அதுவும் பார்வையின்மைதான். விழித்திரை மெல்ல மெல்லக் கெடும் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா நோய்க்காரர்கள் இந்த வகை. பேப்பர் படிப்பார்கள், ஆனால் எதிரே நிற்கும் மாட்டின் மேல் மோதுவார்கள். தெருவில் "நடிக்கிறான்" என்று பேர் வாங்குகிறவர்களும் இவர்கள்தான். சான்றிதழ் தரும் மருத்துவக் குழுவின் முன்னால் எழுத்துப் பலகை மட்டும் வாசித்துவிட்டு வந்தால் குறைபாட்டுச் சதவீதம் குறைந்துதான் வரும். சுற்றுப்பார்வையை அளக்கும் பெரிமெட்ரி அறிக்கையைக் கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள்.

சலுகைகளுக்கு வாசல் 40 சதவீதம். ஒரு கண் முழுசாகப் போய் இன்னொரு கண் நன்றாக இருந்தால் 30 சதவீதம்தான் கிடைக்கும். இதைத் தெரியாமல் அலைந்து, காசு கேட்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு, புரோக்கரிடம் போய் நிற்கும் குடும்பங்கள் உண்டு. விதியே அப்படி என்பதால் யாருக்குக் காசு கொடுத்தும் பிரயோஜனம் இல்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யூடிஐடிக்கு ஸ்வாவலம்பன் இணையதளத்தில் பதிய வேண்டும். ஆதார், போட்டோ, முகவரிச் சான்று, பழைய கண் அறிக்கைகள் போதும். இழுத்தடிப்பது பெரும்பாலும் பேர்தான். ஆதாரில் இனிஷியல் பின்னால், ரேஷன் அட்டையில் முன்னால், சான்றிதழில் அப்பா பேரோடு சேர்த்து என்று மூன்று மாதிரி இருந்தால் விண்ணப்பம் நின்றுவிடும். ஆதாரை முதலில் சரிசெய்துவிட்டு, அதிலுள்ளபடியே எல்லாவற்றையும் எழுதுங்கள்.

இங்கே நம்ம ஊர்ச் சிக்கல் ஒன்று உண்டு. எல்லையிலுள்ள கன்னியக்கோவில் தாண்டினால் வேறு அரசாங்கம். கடலூர்க்காரர் தவளக்குப்பம் அரவிந்திலோ கோரிமேடு ஜிப்மரிலோ வைத்தியம் பார்ப்பது சகஜம், அதற்கு எல்லை கிடையாது. உதவித்தொகைக்கு உண்டு. ரெட்டிச்சாவடியில் ரேஷன் அட்டை இருந்தால் தமிழ்நாடு, கிருமாம்பாக்கத்தில் இருந்தால் புதுச்சேரி. கடலூர் மாவட்டத்துக்காரர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கும், உதவித்தொகைக்கு தாசில்தார் அலுவலகத்துக்கும் போக வேண்டும். தமிழ்நாட்டில் அந்தத் தொகை 2023-ல் 1,500 ரூபாய் ஆனது. புதுச்சேரிக்காரர் சமூக நலத்துறைக்குப் போக வேண்டும், அங்கே தொகையும் விதியும் வேறு. பெண்ணைக் கட்டிக்கொடுத்த வகையில் இரண்டு பக்கமும் அட்டை வைத்திருப்பவர்கள் முதலில் ஒன்றைப் பெயர் நீக்கம் செய்துகொள்ளுங்கள். பின்னால் மாட்டினால் இரண்டும் போகும்.

பஸ், ரயில் பற்றிச் சுருக்கமாக. தமிழ்நாட்டு வெள்ளைப் பலகை டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் இலவசம், பலகையைப் பார்த்து ஏறுங்கள். ரயிலில் சிலீப்பர், மூன்றடுக்கு ஏசிக்கு 75 சதவீதத் தள்ளுபடி, துணைக்கும் அதே. ஆனால் இது முழுப் பார்வையின்மை உள்ளவருக்கு மட்டும். குறை பார்வைக்காரர் அந்தச் சலுகையில் டிக்கெட் எடுத்துப் போய் பரிசோதகரிடம் அபராதம் கட்ட வேண்டாம். ரயில்வே அட்டைக்கு அவர்களுடைய படிவத்திலேயே அரசு டாக்டர் எழுதித்தர வேண்டும். நமக்குத் திருச்சி கோட்டம்.

இனி வெள்ளைக்கோல். என்னைக் கேட்டால் பேசும் கடிகாரம், பேசும் கண்ணாடி எல்லாவற்றுக்கும் முன்னால் இதுதான் வீட்டுக்குள் வர வேண்டும். "கோலைப் பிடித்தால் ஊருக்குத் தெரிந்துவிடும்" என்று தடுப்பது பெரும்பாலும் வீட்டார்தான். ஊருக்குத் தெரிவதற்குத்தான் அது வெள்ளையாகவே இருக்கிறது. பைக் ஓட்டுகிறவன் பிரேக் போடுவது அந்த நிறத்தைப் பார்த்து.

நீளம் முக்கியம். நேராக நின்று கோலை முன்னால் ஊன்றினால் அதன் மேல்நுனி மார்பெலும்பின் அடி வரைக்குமாவது வர வேண்டும். வேகமாக நடப்பவருக்கு இன்னும் கொஞ்சம் நீளம். குட்டைக் கோல் வைத்திருந்தால் பள்ளம் தெரியும் நேரத்தில் கால் அதற்குள் இருக்கும். முகாமில் எதையாவது கையில் திணித்தால் அப்படியே வாங்கி வராமல், அங்கேயே நின்று அளந்து பாருங்கள்.

ஆள்காட்டி விரலைக் கைப்பிடியின் தட்டையான பக்கத்தில் நீட்டி, கையை வயிற்றுக்கு நேர் நடுவில் வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைக்க வேண்டும். நுனி இரண்டு தோளுக்கும் இரண்டு விரற்கடை வெளியே போய்வந்தால் போதும். வலது கால் முன்னே போகும்போது கோல் இடது பக்கம் தொட வேண்டும், இடது கால் போகும்போது வலது பக்கம். இது தலைகீழாகிவிட்டால் கால் வைக்கப்போகும் இடத்தைக் கோல் பார்க்காமலே விட்டுவிடும். புதிதாகப் பழகுபவர் அடிக்கடி செய்யும் தப்பு இதுதான். பக்கத்தில் நடப்பவர் தாளம் போட்டுத் திருத்தலாம். மடிப்புக் கோலில் உள்ளே ஓடும் எலாஸ்டிக் தளர்ந்தால் நடுரோட்டில் துண்டு துண்டாகப் பிரியும். நுனி தேய்ந்தால் சிமெண்ட் இடுக்கில் சிக்கி வயிற்றில் குத்தும். இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம், கோலைத் தூக்கிப்போட வேண்டாம்.

கோலுக்குத் தெரியாதது இடுப்புக்கு மேலே இருப்பது: தெருப்பக்கம் திறந்த ஜன்னல், லாரியின் பின்பலகை, கொடிக்கயிறு. ஐஐடி டெல்லியில் உருவான ஸ்மார்ட்கேன் ஒலி அலையை வைத்து, முழங்காலிலிருந்து தலை உயரம் வரை உள்ள தடையை அதிர்வாகச் சொல்லும். நல்ல பொருள். ஆனால் சாதாரணக் கோலில் பழகிய பிறகு வாங்குங்கள்.

முதல் வாரம் வீட்டுக்குள், விரல்களின் பின்பக்கத்தால் சுவரை ஒட்டி. அப்புறம் தெருக்கோடி வரை. புதுச்சேரி டவுனின் நேர்க்கோட்டுத் தெருக்கள் மனசுக்குள் வரைபடம் போட வசதியானவை. கடற்கரைச் சாலைப் பக்கம் அலைச் சத்தம் எப்போதும் கிழக்கைக் காட்டிக்கொண்டே இருக்கும். நடைபாதையை அடைத்து நிறுத்தும் பைக்குகள்தான் அங்கே எதிரி. கடலூர் லாரன்ஸ் ரோடு மாதிரி கூட்டமும் ஹாரனும் கலந்த இடத்தைக் கடைசிக்கு வையுங்கள்.

வழி காட்டுகிறவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: பிடிக்காதீர்கள், பிடிக்கக் கொடுங்கள். உங்கள் முழங்கைக்குக் கொஞ்சம் மேலே அவர் பிடித்து, அரை அடி பின்னால் வரட்டும். நீங்கள் இறங்குவதும் திரும்புவதும் உங்கள் உடம்பிலிருந்தே அவருக்குத் தெரியும். பின்னாலிருந்து தோளைத் தள்ளிக்கொண்டு போனால் பள்ளத்தில் முதலில் விழுவது அவர். பஸ்ஸில் இரண்டு பேர் சேர்ந்து தூக்கி ஏற்றுவதைவிட, அவர் கையைக் கம்பியில் வைத்துவிட்டால் அவரே ஏறுவார்.

போன். ஆண்ட்ராய்டில், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் ஏற்கெனவே இருக்கிறது, தனியாக வாங்க வேண்டியதில்லை. பெரும்பாலான போன்களில் இரண்டு வால்யூம் பட்டனையும் சேர்த்து மூன்று நொடி அழுத்தினால் வரும், போகும். வீட்டுப் பையன் இதைப் போட்டுவிட்டு, வழக்கம்போல ஒருமுறை தொட்டுப் பார்த்து, போன் கெட்டுப்போச்சு என்று பயப்படுவான். ஒரு தடவை தொட்டால் பெயரை மட்டும் சொல்லும். திறக்க இரண்டு தடவை தட்ட வேண்டும். வலப்பக்கம் தள்ளினால் அடுத்தது, பட்டியலை நகர்த்த இரண்டு விரல். ஆங்கிலம் மட்டும் பேசி, தமிழ் வந்தால் விழுங்குகிறது என்றால் தமிழ்க் குரலை இன்னும் இறக்கவில்லை என்று அர்த்தம்.

கம்ப்யூட்டருக்கு என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருள் இலவசம். ஆனால் பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்த கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளைக் கண்டபடி உளறும், ஏனென்றால் உள்ளே இருப்பதே அவைதான். 2010-லேயே தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. இன்றைக்கும் பழைய எழுத்துருவில் அடித்து, அச்செடுத்து, ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கி அனுப்பும் அலுவலகங்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான அறிவிப்பே அப்படி வருவதை என்னவென்று சொல்ல?

ரூபாய் நோட்டு. புது வரிசையில் 100, 200, 500 மூன்றும் 66 மில்லிமீட்டர் அகலம். நீளம் மட்டும் 142, 146, 150. நாலு மில்லிமீட்டர் வித்தியாசத்தைச் சந்தையில் நின்று விரலால் அளப்பது லேசில்லை. ஓரத்தில் 100-க்கு நான்கு சாய்கோடு, 200-க்கு நான்கு கோட்டோடு இரண்டு வட்டம், 500-க்கு ஐந்து கோடு உண்டு. மீன் விற்ற கை பட்ட நோட்டில் அவை மழுங்கியிருக்கும். ரிசர்வ் வங்கியின் மணி செயலி இணையம் இல்லாமலே கேமராவில் பார்த்துச் சொல்லும். அன்றாடத்துக்கு மடிப்பு முறை போதும்: 100 மடிக்காமல், 200 ஒரு மடிப்பு, 500 இரண்டு மடிப்பு. வீட்டில் எல்லாரும் அதே முறையில்தான் அவர் பர்ஸில் வைக்க வேண்டும்.

காசோலைப் புத்தகம், ஏடிஎம் அட்டை, லாக்கர் எதையும் பார்வையில்லை என்பதற்காக வங்கி மறுக்கக் கூடாது, 2008 ஜூனிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம், "எழுத்தில் கொடுங்கள்" என்று மட்டும் கேளுங்கள்.

பிள்ளைகள் விஷயம். போனே வாசித்துச் சொல்லும்போது, விரலால் தொட்டுப் படிக்கும் பிரெய்ல் எதற்கு என்று கேட்கிறார்கள். காதால் மட்டும் படித்த பிள்ளைக்கு ல, ள, ழ எழுத்தில் நிற்காது. விரலால் படித்தால் நிற்கும். தமிழ் பிரெய்ல் பயப்படும்படி கஷ்டமும் இல்லை. கொம்பு, துணைக்கால் எதுவும் கிடையாது, உச்சரிக்கும் வரிசையில் மெய்யும் உயிரும் அடுத்தடுத்து வரும். ஒரு கட்டத்தில் ஆறு புள்ளி: இடது வரிசையில் மேலிருந்து 1, 2, 3, வலது வரிசையில் 4, 5, 6. "அம்மா"வுக்கு அ என்று 1-ஆம் புள்ளி, மெய்க்குறி 4, ம 1-3-4, மறுபடி ம, கடைசியில் ஆ 3-4-5. அவ்வளவுதான். பலகையில் குத்தும்போது வலமிருந்து இடம் என்பதை மட்டும் பெற்றோர் புரிந்துகொண்டால் வீட்டுப்பாடத்தில் உதவலாம். புதுச்சேரியில் பிள்ளைச்சாவடி ஆனந்தரங்கப்பிள்ளை அரசு சிறப்புப் பள்ளி இருக்கிறது. பக்கத்துப் பள்ளியிலேயே சேர்க்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. தேர்வுக்கு ஆள் வைத்து எழுதினால் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் உண்டு. பரீட்சை வாரத்தில் போய்க் கேட்காமல் பள்ளி திறந்ததும் எழுதிக் கொடுங்கள்.

மழைக்காலம் வருகிறது. தானே, ஃபெஞ்சல் புயல் இரண்டையும் பார்த்த ஊர் இது. தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால் கோல் சாக்கடை விளிம்பைச் சரியாகச் சொல்லாது, அன்றைக்குத் தனியாக இறங்க வேண்டாம். யூடிஐடி, ஆதார், வங்கிப் புத்தகம் ஒரே பிளாஸ்டிக் பையில். கோல் எப்போதும் வாசல் ஆணியில். முகாமுக்குப் போனால் பாயைச் சுவரோரம் போட்டு, அங்கிருந்து கழிவறை வரை இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு கட்டிவிடுங்கள், ராத்திரி யாரையும் எழுப்ப வேண்டியிராது.

வீட்டில் நாளைக்கே செய்யக்கூடியது கதவு. ஒன்று முழுசாகத் திறந்திருக்கட்டும், இல்லையென்றால் முழுசாக மூடியிருக்கட்டும். பாதி திறந்த கதவின் விளிம்பு நேராக நெற்றியில்தான் இடிக்கும். நாற்காலியை நகர்த்தினால் நகர்த்தியதைச் சொல்லுங்கள். தட்டு வைக்கும்போது அதைக் கடிகார முகமாக நினைத்து, "சோறு ஆறு மணிப் பக்கம், கூட்டு பத்து மணிப் பக்கம், ரசம் வலது கைக்கு மேலே" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். சாப்பிட்ட தட்டை அவரே கொண்டுபோய்க் கழுவும் இடத்தில் போடட்டும்.