யோசிக்காமல் குத்திக்கொண்ட கை இல்லை

ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட, டாட்டூ குத்திய என் கையின் படத்துக்குக் கீழே வந்த கருத்துகளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதையெல்லாம் திரும்ப எழுத மனசில்லை. ஆனால் "யோசிக்காம கையை நாசம் பண்ணிட்டியே" என்ற அந்த ஒரு வரி இரண்டு நாளாகத் தூங்க விடவில்லை.

யோசிக்காமலா? தோளிலிருந்து மணிக்கட்டு வரை டாட்டூ என்பது யோசிக்காமல் செய்யவே முடியாத காரியம். குத்துபவரைத் தேடவே எட்டு மாதம் ஆனது. குத்திய அன்று எல்லா டாட்டூவும் பளிச்சென்றுதான் இருக்கும். அதனால் சில வருடம் ஆன கைகளின் படங்களைக் காட்டச் சொன்னேன். நெருக்கமான மெல்லிய கோடுகள் நாளாக ஆக ஒன்றோடொன்று கலங்கிவிடும். எங்கே வெறும் தோலாக விடுவது என்பதற்கே மூன்று முறை உட்கார்ந்து பேசினோம். கையை மடக்கினால், குத்தப்போகும் கொக்கின் கழுத்து ஒடிந்த மாதிரி தெரியக்கூடாதென்று, ஸ்டென்சிலை (படத்தின் கோடுகளைத் தோலில் பதிக்கும் தாள்) ஒட்டி, கையைத் தொங்கவிடச் சொல்லி, திருப்பச் சொல்லி, துடைத்துவிட்டு மறுபடி ஒட்டினார்.

மொத்தம் ஏழு முறை போனேன். முதலில் கோடு, அப்புறம் நிழல், கடைசியில் வண்ணம். நடுவில் ஒவ்வொரு முறையும் தோல் ஆற மூன்று நான்கு வாரம். முழங்கை எலும்பின் மேல் ஊசி ஓடியபோது தாடை வலிக்கப் பல்லைக் கடித்தேன். உள்மடிப்பில் அதைவிட மோசம். போதும் என்று எப்போது வேண்டுமானாலும் நிறுத்தியிருக்கலாம். ஏழு முறையும் யோசித்துத்தான் போனேன்.

"வயசானா சுருங்குமே" என்கிறீர்கள். சுருங்கட்டும், டாட்டூ இல்லாத கையும் சுருங்கத்தான் போகிறது. "வேலை கிடைக்காது" என்பது சில இடங்களில் உண்மை, மறுக்கவில்லை. அது தெரிந்துதான் புறங்கையைத் தொடாமல் மணிக்கட்டோடு நிறுத்தினேன். பிடிக்காவிட்டால் லேசரில் அழித்துக்கொள்ளலாம் என்று ஆறுதல் சொன்னவருக்கு: அதற்கும் பல முறை போக வேண்டும், பச்சையும் நீலமும் லேசில் போகாது. அதையும் யோசித்தாயிற்று.

சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். என் முன்கையில் பன்னிரண்டு வயதில் கொதிநீர் கொட்டிய தழும்பு இருக்கிறது. தழும்பில் மை சீராகப் பிடிக்காது. டாட்டூ குத்தியவர் அதை விரலால் மெல்லத் தடவிப் பார்த்துவிட்டு, அந்த மேட்டின் மேலேயே இறகுகளை வரைந்தார்.

நாசம் என்று எழுதியவர் என்னைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். கொளுத்தும் வெயிலிலும் நான் முழுக்கைச் சட்டையோடு திரிந்த அத்தனை வருடத்தில், ஏன் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் போட்டது, பன்னிரண்டு வயதுக்குப் பிறகு அரைக்கைச் சட்டையில் எடுத்துக்கொண்ட முதல் படம்.