கண்ணை மூடியிருந்த அந்தப் படம்

அந்தப் படத்தைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்றுதான் 3 நாளாக இருந்தேன். இன்று காலை ஒருவர் அதை எனக்கே அனுப்பி, கூடவே ஒரு கொட்டாவி பொம்மையும் போட்டிருந்தார். சரி, எழுதிவிடுகிறேன்.

ஆமாம், நம் நூலகர் சங்கத்தின் ஆண்டு மாநாட்டு மேடையில் கண்ணை மூடியிருப்பது சங்கத் தலைவரான நான்தான். படத்தைப் பதிவு போட்டவர் அதனுடன் எழுதிய "தலைவர் ஓய்வெடுக்கிறார், அமைதி காக்கவும்" என்ற வாசகம் நன்றாகத்தான் இருந்தது. வேறு யாருடைய படமாக இருந்தாலும் நானும் சிரித்திருப்பேன். முந்தைய இரவு, தணிக்கைக் கணக்கில் இடித்த ஒரு ரசீதைத் தேடி 3 மணி வரை விழித்திருந்தது படத்தில் தெரியாது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். சங்கத் தலைவர் என்பது சம்பளம் இல்லாத வேலை. பகலெல்லாம் எல்லோரையும் போல நூலகத்தில் இரவல் கொடுத்து, வாங்கி, அடுக்கி, பூட்டிய பிறகுதான் எனக்குச் சங்கம் தொடங்குகிறது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இலேயே விதி எழுதி வைத்தார். சங்கத் தலைவரின் நேரத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

போன வாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். செயற்குழு கூட்டினேன், கூட்டம் நடத்தப் போதுமான ஆள் வரவில்லை. வருகிறேன் என்ற பேச்சாளர் 2 நாள் முன்பு கையை விரித்தார். இதெல்லாம் வழக்கம். ஆனால் ஒரு உறுப்பினர் இரவு 9 மணிக்கு அழுதுகொண்டே அழைத்தார். ஸ்டாக் வெரிஃபிகேஷனில், அதாவது புத்தக இருப்பைச் சரிபார்த்ததில், சில புத்தகங்கள் குறைகின்றன, விலையைச் சம்பளத்தில் பிடிப்போம் என்று அவருக்குக் கடிதம் வந்திருக்கிறது. வாசகரே போய் எடுத்துப் பார்க்கட்டும் என்று அலமாரிகளைத் திறந்து வைத்தால் சில புத்தகங்கள் போகத்தான் செய்யும். பூட்டி வைத்தால் ஒன்றும் போகாது, யாரும் படிக்கவும் மாட்டார்கள். இதை விளக்கி அவருக்குப் பதில் எழுதிக்கொடுக்க 2 இரவு போனது. இதற்கும் சம்பளம் இல்லை. (முன்பே சொல்லிவிட்டேனோ? பரவாயில்லை.)

"சங்கம் என்ன கிழித்தது?" என்று கமெண்டில் ஒரு கேள்வி. ஒரு சங்கத்தால் என்ன முடியும் என்பதற்கு வெளியூர் உதாரணம் ஒன்று சொல்கிறேன். அச்சுப் புத்தகத்தை வாங்கினால் கிழியும்வரை நூலகத்துடையது. மின்னூல் அப்படியில்லை. 26 முறை இரவல் போனால் உரிமம் முடிந்தது என்று ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் 2011-இல் சொன்னது. புது மின்னூல் என்றால் எவ்வளவு பெரிய நூலகமாக இருந்தாலும் முதல் 8 வாரம் ஒரே பிரதிதான் என்ற விதியை மேக்மில்லன் பதிப்பகம் 2019 நவம்பரில் கொண்டுவந்தது. அமெரிக்க நூலகச் சங்கம் கையெழுத்து இயக்கம் நடத்தியது, பல நூலகங்கள் அந்தப் பதிப்பகத்தின் மின்னூல்களை வாங்குவதையே நிறுத்தின. 2020 மார்ச்சில் அந்த 8 வார விதி போனது. அதற்கும் யாரோ ஒருவர் இரவில் உட்கார்ந்து கடிதம் தட்டச்சு செய்திருப்பார். அவரும் மறுநாள் எங்காவது கண்ணயர்ந்திருப்பார்.

"பதவி ஆசை இல்லாமலா நின்றீர்கள்?" நின்றது நான் ஒருவன்தான். வேறு யாரும் மனுவே போடவில்லை. "சந்தா கட்டுகிறோம், கேட்கக் கூடாதா?" தாராளமாகக் கேளுங்கள். படம் போட்டவர் சந்தா கட்டி 2 வருடம் ஆகிறது என்பதை நான் இங்கே சொல்லப்போவதில்லை. ஒப்பந்த ஊழியர்களுக்கு நாம் உருப்படியாக எதுவும் செய்யவில்லை என்று ஒரு இளைஞர் எழுதியிருந்தார். அது உண்மை. தனியாக எழுதுகிறேன்.

நான் மட்டும் யோக்கியன் என்று சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, அன்றைய தலைவர் ஆண்டறிக்கை வாசிக்கும்போது எத்தனை தடவை "மேலும்" சொல்கிறார் என்று எண்ணியவன் நான். 37. அவரைப் படம் எடுக்கவில்லை. அப்போது கைபேசியில் கேமரா கிடையாது என்பது வேறு விஷயம். ஆனால் எண்ணியதை என் பக்கத்து நாற்காலிக்காரரிடம்தான் சொன்னேன், ஊருக்கே சொல்லவில்லை.

படம் போட்டவர் மேல்கூட எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. யார் யார் ஹாஹா போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அந்த வரிசையில், இரவு 9 மணிக்கு என்னை அழைத்தவரின் பெயரும் இருந்தது. யோசிக்காமல் அழுத்தியிருக்கலாம், கை தவறிப் பட்டிருக்கலாம். நான் கேட்கப்போவதில்லை.

அவருடைய பதிலில் கடைசிப் பத்தி இன்னும் பாக்கி இருக்கிறது. திங்கட்கிழமை காலைக்குள் கொடுத்தாக வேண்டும். இந்தப் பதிவுக்குக் கமெண்ட் போடுகிறவர்கள் போடுங்கள், எழுதி முடித்துவிட்டு வந்து பார்க்கிறேன்.