பின் இருக்கையில் உறங்கும் குழந்தை

சென்ற தீபாவளிக்கு டாலஸ் புறநகரில் ஒரு நண்பர் வீட்டில் இருபது குடும்பங்கள் கூடியிருந்தோம். இரவு பதினொன்றரைக்குக் கிளம்பிய ஒருவர், தோளில் தூங்கிக்கொண்டிருந்த மூன்று வயது மகளைக் காரின் பின்புறக் குழந்தை இருக்கையில் உட்கார்த்தி, பட்டையை இழுத்து, கொக்கி ‘டக்’கென்று விழுகிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, தானே ஓட்டுநர் இருக்கையில் ஏறி அமர்ந்தார். மாலையிலிருந்து அவர் கையிலிருந்த விஸ்கி கிளாஸ் வற்றவே இல்லை. உரிமம் வைத்திருக்கிற, ஒரு சொட்டும் அருந்தாத அவர் மனைவி பக்கத்து இருக்கையில் பெல்ட் போட்டுக்கொண்டார். நாங்கள் வாசலில் நின்று கையசைத்தோம். நானும்தான்.

பத்திரமாக வீடு சேர்ந்துவிட்டார். வழியில் போலீஸ் நிறுத்தியிருந்தால், அதுவரை ஒரு பார்க்கிங் அபராதம்கூடக் கட்டியிராத அந்த மனிதர்மேல் ஃபெலனி எனப்படும் கடுங்குற்ற வழக்கு பாய்ந்திருக்கும். டெக்சாஸில் குடித்துவிட்டு ஓட்டி முதன்முறை பிடிபட்டால் அது மிஸ்டிமீனர் என்ற சிறு குற்றம்தான். இரண்டாம் முறையும் அப்படியே. ஆனால் பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தை வண்டியில் இருந்தால் முதல் முறையே ஃபெலனி: 180 நாள் முதல் இரண்டு ஆண்டு வரை, பரோல் எனப்படும் முன்கூட்டிய விடுதலை இல்லாத மாநிலச் சிறை, 10,000 டாலர் வரை அபராதம். “இரண்டே இரண்டுதான் அடித்தேன்” என்பதும் உதவாது. இரத்தத்தில் 0.08 சதவீதம் என்ற வரம்பைத் தொடாவிட்டாலும், உடலும் மனமும் இயல்பு நிலையில் இல்லை என்று நிரூபித்துவிட்டால் போதும். ஊதமாட்டேன் என்றால் உரிமம் 180 நாள் போகும். நீதிபதியிடம் வாரண்ட் வாங்கி இரத்தம் எடுப்பார்கள்.

எது ஃபெலனி என்பதை ஒவ்வொரு மாநிலமும் வெவ்வேறாக எண்ணுகிறது. நியூயார்க்கில் பத்தாண்டுக்குள் இரண்டாம் முறை; கலிபோர்னியாவில், யாருக்கும் அடிபடாதவரை, பத்தாண்டுக்குள் நான்காம் முறை; டெக்சாஸில் மூன்றாம் முறை, முந்தைய தண்டனைகள் எத்தனை ஆண்டு பழையவையாக இருந்தாலும் சரி, இரண்டு முதல் பத்தாண்டுச் சிறை. ஒரே ஆள் எல்லை தாண்டினால் குற்றத்தின் பெயரே மாறிவிடுகிறது. எத்தனை முறை பிடிபட்டான் என்பது போலீஸ் எத்தனை முறை அந்தச் சாலையில் நின்றது என்பதற்கான கணக்கே தவிர, எத்தனை முறை குடித்துவிட்டு ஓட்டினான் என்பதற்கான கணக்கு அல்ல. ஆகவே இந்த எண்ணிக்கை முறையைவிட, குழந்தையை வைத்து அளக்கும் விதியே நியாயமானது என்பது என் கருத்து. நியூயார்க்கில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி இப்படி ஒரு வண்டியில் இறந்த பிறகு, 2009இல் அவள் பெயரிலேயே வந்த லியாண்ட்ரா சட்டமும் இதையே சொல்கிறது. எதிரே வரும் காரில் உள்ள குழந்தையைச் சட்டம் ஏன் பார்ப்பதில்லை என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அந்தக் குழந்தை இறந்த பிறகுதான் இரண்டு முதல் இருபது ஆண்டு வரையிலான தண்டனை வருகிறது.

சிறையைவிட நீண்டது அதற்குப் பின்னால் வரும் வால். ஃபெலனி என்ற சொல், வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் பின்னணி பார்க்கும் ஒவ்வொருவர் திரையிலும் ஏறி நிற்கும். விசாவில் இருப்பவர்களுக்குத் தீர்ப்பு வரைகூடப் பொறுமை கிடையாது: 2015 முதல், கைதான செய்தி வந்தாலே அமெரிக்கத் தூதரகம் விசாவை ரத்து செய்யலாம். ரத்தானாலும் பெரும்பாலும் உடனே வெளியேற வேண்டியிருக்காது. ஆனால் அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போனால், மருத்துவப் பரிசோதனை முடித்து, புது விசா வாங்கித்தான் திரும்ப முடியும். “ஃபெலனி என்றால் உடனே நாடு கடத்திவிடுவார்கள்” என்று வாட்ஸப்பில் சுற்றுவதும் முழு உண்மையல்ல. கவனமின்றிக் குடித்து ஓட்டி ஒருவரைக் காயப்படுத்துவது நாடு கடத்தலுக்கு வழிவிடுவதாகக் குடிவரவுச் சட்டம் சொல்லும் ‘வன்முறைக் குற்றம்’ ஆகாது என்று 2004இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் குடியுரிமை கேட்கும் நாளில் நன்னடத்தை பற்றிய கேள்வியில் இதே வழக்கு மறுபடி எழுந்து நிற்கும்.

இந்த ஆண்டு தீபாவளிக்கான கூகுள் படிவத்தைத் தயாரித்தவன் நான். சைவமா அசைவமா, எத்தனை பேர், என்ன பலகாரம் கொண்டு வருகிறீர்கள் என்ற கேள்விகளுக்குக் கீழே, திரும்பும்போது வண்டியை யார் ஓட்டுவார் என்று ஒரு கேள்வியைச் சேர்த்தேன். இது அநாகரிகம் என்று இரண்டு பேர் தொலைபேசியில் சொன்னார்கள். கேள்வி இன்னும் படிவத்தில்தான் இருக்கிறது.