ஆரஞ்சுத் தோல் தண்ணீர் கல்லீரல் மருந்து அல்ல

பாம்பன், கீழக்கரை, தொண்டிப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி இது: "ஆரஞ்சுத் தோலைக் கொதிக்கவைத்துக் குடித்தால் கல்லீரல் நோய் போய்விடும், மாத்திரை வேண்டாம்." தவறு.

கொஞ்சம் உண்மை கலந்திருப்பதால்தான் நம்பத் தோன்றுகிறது. தோலிலுள்ள ஹெஸ்பெரிடின் போன்ற இயற்கை வேதிப்பொருள்கள் கல்லீரல் செல்களில் ஆக்சிஜனேற்றச் சேதத்தை (ஆக்சிஜனோடு நடக்கும் வேதிவினையால் செல் பழுதாவதை) குறைத்தது பெரும்பாலும் ஆய்வகச் செல்களிலும் எலிகளிலும்தான். அங்கே கொடுத்தது பிரித்தெடுத்து அளந்த பொருள். அடுப்பில் கொதித்த தோல்தண்ணீர் அல்ல. ஹெஸ்பெரிடினை விழுங்கினாலும் ரத்தத்தில் சேர்வது சிறிதளவே. மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் பப்மெட் (PubMed) தளத்தில் அந்தப் பெயரைத் தேடி யாரும் சரிபார்க்கலாம்.

உப்பு நார்த்தங்காயும் மருந்தாம்! கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்தவருக்கு அந்த உப்பே கெடுதல்.

கண் மஞ்சளானால் ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆரஞ்சுத் தோல் பற்றிய அந்த வாட்ஸ்அப் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.