மரம் வெட்டுகிறவருக்கும் ஒரு படிப்பு வேண்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. சென்னையில் மரவாடி, பிளைவுட், ஃபர்னிச்சர் என்று தொழில் செய்யும் நண்பர்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மரம் வெட்டும் தொழிலாளிக்கு முறையான பயிற்சியும் சான்றும் வேண்டும் என்று உங்கள் சங்கங்கள் அரசிடம் கேட்க வேண்டும், அதற்காக உங்களை நம்பித்தான் எழுதுகிறேன்.

நான் மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் படித்தவன். இப்போது மரக் கொள்முதல் வேலை. விவசாயிகள் பட்டா நிலத்தில் வளர்த்த சவுக்கு, தைல மரம், மலைவேம்பு எல்லாம் வாங்கி ஆலைகளுக்கு அனுப்புகிறோம். ஆலைகள் தங்களுக்கு வேண்டிய மரத்தைக் காட்டை நம்பாமல் விவசாயிகளோடு சேர்ந்து வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று 1988 தேசிய வனக் கொள்கை சொன்னது. 1996 டிசம்பரில் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு, காட்டு மரத்துக்கான வழியை ஏறக்குறைய அடைத்துவிட்டது. (அந்த வழக்கு நம் கூடலூர் காடுகளை முன்னிட்டுத் தொடங்கியது என்பது இங்கேயே பலருக்குத் தெரியாது.) ஆக, இன்று தமிழ்நாட்டில் மரத் தொழிலுக்கு அடிப்படை விவசாயியின் தோப்புதான்.

மரத்துக்கு ஆராய்ச்சி நன்றாகவே நடக்கிறது. கோவை வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் நல்ல சவுக்கு ரகங்களைக் கொடுத்திருக்கிறது. காகித ஆலைகள் விவசாயிக்குக் கன்று கொடுக்கின்றன, ஒப்பந்தம் போடுகின்றன. தொழில் சங்கங்களும் சும்மா இல்லை. லைசென்ஸ், வரி, பெர்மிட் என்று கோட்டைக்கு மனு போய்க்கொண்டே இருக்கிறது. அவை நியாயமான கோரிக்கைகள்தான், நானே சிலவற்றை எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் நான் பார்த்த மனுக்களில் வெட்டுகிற தொழிலாளியைப் பற்றி வரும் ஒரே வரி, "ஆள் கிடைக்கவில்லை" என்பது.

எப்படிக் கிடைப்பார்கள்? வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள்.

மரக்காணம் பக்கம் ஒரு சவுக்குத் தோப்பு. ஆண்கள் கோடாரியால் வெட்டித் தள்ள, பெண்கள் உட்கார்ந்து கத்தியால் பட்டை உரிக்கிறார்கள். பட்டை உரித்த கட்டை காகித ஆலைக்கு, நீளக் கம்பு கட்டிடச் சாரத்துக்கு, மெல்லிய நுனி விறகுக்கு. கூலி டன் கணக்கு. ஆனால் எடை போடுவது தோப்பில் இல்லை, லாரி ஏறிப் போய் எங்கேயோ ஒரு எடை மேடையில். பட்டை உரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் போன லோடு எத்தனை டன் வந்தது என்று கேட்டேன். "மேஸ்திரி சொல்றதுதான் சார் கணக்கு. சீட்டை எங்ககிட்ட யாரும் காட்டுனதில்ல" என்றார். அவர் கையில் விரல்களை ஒட்டி வரிவரியாகப் பழைய வெட்டுத் தழும்புகள். கையுறை இல்லை.

சென்னையைச் சுற்றியுள்ள மாவட்டங்களில் இந்த வேலையைச் செய்பவர்களில் நிறையப் பேர் இருளர் பழங்குடி மக்கள். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரைக் கொத்தடிமைகள் என்று அதிகாரிகள் மீட்டார்கள். ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழுந்து கும்பிட்ட படம் அன்று எல்லோருடைய போனிலும் வந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. சில ஆயிரம் ரூபாய் முன்பணம், கணக்குத் தெரியாத கூலி, படிப்பு இல்லை, வேறு வேலைக்குப் போக ஒரு சான்றும் இல்லை. இது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால் மனிதன் அங்கேயே கட்டுண்டு கிடப்பான். எல்லாத் தோப்பிலும் இப்படி என்று சொல்லவில்லை. ஆனால் நாம் வாங்கும் கட்டை எந்தத் தோப்பிலிருந்து, யார் வெட்டி வந்தது என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?

இப்போது செயின்சா, அதாவது சங்கிலி ஓடும் மோட்டார் ரம்பம், வந்துவிட்டது. வேலை வேகம், ஆபத்தும் வேகம். முறையாக மரம் சாய்க்க, விழ வேண்டிய பக்கத்தில் முதலில் ஆப்பு வடிவத்தில் ஒரு வாய் வெட்ட வேண்டும். அப்புறம் பின்பக்கத்திலிருந்து அறுத்து வரும்போது, விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு நடுவே அறுக்காமல் விட வேண்டும். அதுதான் கீல் மாதிரி நின்று மரத்தை நாம் சொன்ன பக்கம் இறக்கும். முழுக்க அறுத்துவிட்டால் மரம் எந்தப் பக்கம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிளேடு நுனியின் மேல்பாதி மரத்தில் இடித்தால் மெஷின் எகிறி முகத்துக்கு வரும். காலில் பட்டால் காப்பாற்ற, செயின்சாவுக்கென்றே கால் கவசம் இருக்கிறது. சங்கிலி பட்டதும் உள்ளே இருக்கும் இழைகள் பிரிந்து பல்லில் சுற்றி மெஷினை நிறுத்திவிடும். நம் ஊரில் இதெல்லாம் இல்லாமல் கைலியும் ரப்பர் செருப்புமாகத்தான் மெஷின் ஓடுகிறது.

இது தோப்போடு நிற்கும் விஷயமும் இல்லை. 2016 டிசம்பர் 12 வர்தா புயல் அன்று சென்னையில் எத்தனை மரம் சாய்ந்தது என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். விழுந்த மரம் நிற்கும் மரத்தைவிட ஆபத்து. வளைந்து சிக்கியிருக்கும் கிளையில் அழுந்தியிருக்கும் பக்கத்தை முதலில் லேசாக அறுத்துவிட்டு, அப்புறம்தான் இழுபட்டிருக்கும் பக்கத்துக்குப் போக வேண்டும். மாற்றிச் செய்தால் கிளை தெறித்து ஆளை அடிக்கும். ஒவ்வொரு புயலுக்கும் நம் தெருவுக்கு வந்து அறுத்துக் கொடுக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இதை யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்கள்?

சுற்றுச்சூழல் நண்பர்கள் சிலர், "மரம் வெட்டவா பயிற்சி?" என்று கோபப்படுகிறார்கள். சவுக்கு சில வருடங்களில் அறுவடையாகும் பயிர். 2022 செப்டம்பரில் வண்டலூரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், 23.7 சதவீதப் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்க வேண்டும் என்கிறது. அதில் பெரும்பங்கு விவசாய நிலத்தில்தான் வர முடியும். வெட்டி விற்க வழியிருந்தால்தான் விவசாயி நடுவார்.

நமக்கு வெளியூர் உதாரணம்கூட வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அவர்களிடம் இருந்த திறமைக்கு உரிமம், சங்கம், முறையான வருமானம் எல்லாம் கிடைத்தது. நாடு முழுக்கப் பாம்புக்கடி மருந்துக்கு அவர்கள் எடுத்த விஷம் போனது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அதே சமூகத்தின் கைகள்தான் சவுக்கும் வெட்டுகின்றன. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

சங்கங்கள் அரசிடம் கேட்க வேண்டியது பெரிய கட்டிடம் இல்லை. இரண்டு மூன்று வாரப் பயிற்சி, தோப்பிலேயே, அந்த நாட்களுக்கான கூலியோடு. எழுத்துத் தேர்வு வேண்டாம், செய்து காட்டினால் போதும். பட்டை உரிக்கும் பெண்களையும் சேர்க்க வேண்டும். எடைச் சீட்டு படிக்க, கூலிக் கணக்குப் போடச் சொல்லித் தர வேண்டும், என்னைக் கேட்டால் முதல் நாள் பாடமே அதுதான். பயிற்சிக்கு மேட்டுப்பாளையம் கல்லூரி இருக்கிறது. பழகிப் பார்க்க 1974 முதல் இயங்கும் வனத்தோட்டக் கழகத்தின் தைல மரத் தோட்டங்கள் இருக்கின்றன. சான்றுக்குத் திறன் மேம்பாட்டுக் கழகம் இருக்கிறது. எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் பலர் வனவியல் படித்துவிட்டு வங்கித் தேர்வுக்கு உட்கார்ந்திருக்கிறார்கள், பயிற்றுநர் வேலை அவர்களுக்கு ஆகும். தூத்துக்குடியில் ஃபர்னிச்சர் பூங்காவுக்கு 2022இல் அடிக்கல் நாட்டியாயிற்று. அந்த இயந்திரங்களை ஓட்டப் போகிறவர்களைப் பற்றிப் பேசும் அதே கூட்டத்தில், அதற்கு மரம் வெட்டித் தருபவரைப் பற்றியும் பேசலாமே.

ஆலைகள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. சான்று பெற்ற குழு வெட்டிய மரத்துக்கு டன்னுக்குக் கொஞ்சம் கூடக் கொடுங்கள், அந்தப் பணம் மேஸ்திரி கையில் போகாமல் தொழிலாளியின் வங்கிக் கணக்குக்கே போகட்டும். எடைச் சீட்டின் ஒரு நகல் குழுவுக்குப் போக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். இதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை, நாளைக்கே செய்யலாம்.

வனத்துறை மானியக் கோரிக்கை சட்டமன்றத்துக்கு வருவதற்குள் ஒரு மனு கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. பாடத்திட்ட வரைவு எழுதிக்கொண்டிருக்கிறேன். சங்கங்களில் பொறுப்பில் இருக்கும் நண்பர்கள் யாராவது முன்வந்தால், அதை எடுத்துக்கொண்டு உங்கள் அடுத்த கூட்டத்துக்கு வருகிறேன்.