போவைப் போகவிடுவார்களா?

2025 ஏப்ரலில் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டார்: "ஏன் தம்பி, அந்தப் பெடியனை எல்லாரும் 'போ, போ' எண்டு கலைக்கிறியள்? பாவம், நல்லாத்தானே விளையாடுறான்." அவருடைய பெயரே போதான் அம்மா, போ பிஷெட், எங்கள் ரொறன்ரோ புளூ ஜேஸ் பேஸ்போல் அணிக்காரர் என்று சொல்லிப் புரியவைத்தேன். சிரித்தார். ஒக்டோபர் முடிவதற்குள் அந்தப் பெயரும் மாறி, எங்கள் வீட்டில் அவர் "கால் நொண்டுற பெடியன்" ஆகிவிட்டார்.

2025 டிசம்பரில் இதை எழுதும்போது, அந்தப் பெடியன் உண்மையாகவே போய்விடுவாரோ என்பதுதான் என் கவலை.

பேஸ்போல் பார்க்காதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். இங்கே ஐபிஎல் மாதிரி ஏலம் கிடையாது. ஒருவர் பெரிய லீக்கில் ஆறு வருடம் ஆடி முடித்து, ஒப்பந்தமும் முடிந்துவிட்டால் ஃப்ரீ ஏஜென்ட். எந்த அணியோடும் பேசலாம். 2019இலிருந்து புளூ ஜேஸுக்கு ஆடிய போவுக்கு இப்போது அந்த நேரம் வந்திருக்கிறது. ஒரு வருடத்துக்கு 22 மில்லியன் டொலர் என்று அணி நீட்டியதை அவர் மறுத்துவிட்டார். அது எல்லாரும் எதிர்பார்த்ததுதான். நீண்ட ஒப்பந்தம் எங்கே என்பதுதான் கேள்வி.

நிர்வாகம் தூங்குகிறது என்று சொல்ல மாட்டேன். டிலன் சீஸை ஏழு வருடம், 210 மில்லியனுக்குப் பிடித்தார்கள். கொரிய லீக்கில் கலக்கிய கோடி பொன்ஸை மூன்று வருடத்துக்கு எடுத்தார்கள். இருவரும் பிட்சர்கள். நல்லது, பந்து வீசவும் ஆள் வேண்டும். ஆனால் அடிக்கிற கை?

அந்த இரவை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. நவம்பர் 1, கோப்பைக்கான உலகத் தொடரின் கடைசி, ஏழாவது ஆட்டம். மூன்றாவது இன்னிங்ஸில் எதிரணி டொட்ஜர்ஸ், எங்கள் நட்சத்திரம் விளாடியை (விளாடிமிர் கெரேரோ ஜூனியர்) அடிக்க விடாமல் வேண்டுமென்றே முதல் பேஸுக்கு நடக்கவிட்டார்கள். அவருக்குப் போடுவதைவிட முழங்கால் சரியில்லாத போவுக்குப் போடுவது மேல் என்று கணக்கு. டொட்ஜர்ஸின் ஓடானி போட்ட முதல் பந்தையே போ வேலிக்கு அப்பால் தூக்கி அடித்தார். மூன்று ஓட்டங்கள். ஓட முடியாத மனிதர் நிதானமாக பேஸ்களைச் சுற்றி வந்தார், ஹோம் ரன்னுக்கு வேகமாக ஓடத் தேவையில்லையே. அம்மா சாமிப்படத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

ஒன்பதாவது இன்னிங்ஸில் எங்களுக்குக் கோப்பைக்கு இன்னும் இரண்டு அவுட்தான் மிச்சம். டொட்ஜர்ஸின் மிகெல் ரோஹாஸ் சமன் செய்துவிட்டார். சரி, அதை விடுவோம். அதன் பிறகு நடந்ததைப் பார்ப்போம். அந்த இன்னிங்ஸிலேயே போ மறுபடி அடித்து முதல் பேஸுக்குப் போனார். கால் காரணமாக அவரை வெளியே எடுத்து, அவருக்குப் பதிலாக ஓட கைனர்-ஃபலேஃபாவை அனுப்பினார்கள். அவர் ஓட்டம் கணக்காகும் கடைசி இடமான ஹோம் பிளேட்டில் அங்குலக் கணக்கில் அவுட். இதைப் பற்றி ரொறன்ரோவில் டாக்சி ஓட்டுகிற அண்ணாமார் வரைக்கும் பேசித் தீர்த்துவிட்டார்கள். ஆனால் யாரும் பேசாதது ஒன்று: பதினோராவது இன்னிங்ஸில் விளாடி இரண்டாவது பேஸில் நின்றபோது அடிக்க வந்தது யார்? போவின் இடத்தில் அதே கைனர்-ஃபலேஃபா. பந்தை மெல்லத் தட்டிவிட்டு விளாடியை மூன்றாவது பேஸுக்கு நகர்த்தினார், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் எங்கள் கேர்க் அடித்த பந்தில் இரண்டு அவுட். 5-4, கோப்பை டொட்ஜர்ஸுக்கு. போ இல்லாத அணி எப்படி இருக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அன்றைக்கே பார்த்துவிட்டோம்.

எதிர்த்து என்ன சொல்வார்கள் என்று தெரியும். ஷோர்ட் ஸ்டொப் என்ற களத்தடுப்பு இடத்தில் அவர் கால் நகராது. உண்மை. ஆனால் அந்த இடத்துக்கு அணியில் ஹிமேனெஸ் இருக்கிறார், போ உலகத் தொடரில் செக்கண்ட் பேஸ் ஆடினாரே. 2024இல் அடிக்கும் சராசரி .225க்கு விழுந்தது என்பார்கள். அதுவும் உண்மை. 2025இல் .311 என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வயது 27தான்.

எனக்குப் பணத்தைவிட இவர்களின் பழக்கம்தான் பயம். 2021இல் எங்கள் செமியன் 45 ஹோம் ரன் அடித்தார், எங்கள் ரொபி ரே சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார். 91 வெற்றி, ஒரே ஒரு ஆட்டத்தால் பிளே ஓஃப் தவறியது. இரண்டு பேரையும் அந்தக் குளிர்காலத்திலேயே விட்டார்கள். செமியன் 2023இல் டெக்சஸோடு கோப்பை தூக்கினார். அப்புறம் அந்த டிசம்பரில், அப்போது ஃப்ரீ ஏஜென்டாக இருந்த ஓடானி ரொறன்ரோவுக்கு விமானம் ஏறிவிட்டார் என்று நாடே கைபேசியில் விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நானும்தான், வேலை நேரத்தில். இறங்கியது தொலைக்காட்சியில் வரும் ஒரு தொழிலதிபர். அடுத்த குளிர்காலம் சோட்டோ, பிறகு சசாக்கி. ஒவ்வொரு முறையும் கடைசிவரை காத்திருந்து வெறுங்கையோடு திரும்பினோம். இப்போது இன்னொரு ஃப்ரீ ஏஜென்ட், கைல் டக்கர் என்ற பெயர் அடிபடுகிறது. டக்கர் வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாகக் கூடாது.

விடுவதே தப்பு என்றும் இல்லை. 1992இல் கோப்பை வென்ற கையோடு வின்ஃபீல்ட், ஹெங்கி, ஜிம்மி கீ எல்லாரும் போனார்கள். ஆனால் டிசம்பர் பாதிக்குள்ளேயே மொலிட்டரும் ஸ்டூவர்ட்டும் வந்துவிட்டார்கள், 1993இல் மறுபடி கோப்பை. அப்போது நான் கனடாவுக்கு வந்து இரண்டு வருடம், ஆட்டமே விளங்காத வயது. ஜோ கார்ட்டர் கோப்பையை வென்று தந்த ஹோம் ரன்னை அடித்ததும் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே கார்கள் எல்லாம் ஹோர்ன் அடித்ததுதான் எனக்கு முதல் பேஸ்போல் நினைவு. அன்றைய நிர்வாகம் ஒருவர் போகும் முன்பே அடுத்தவரைப் பிடித்தது. இவர்களிடம் அந்த வேகத்தைத்தான் காணவில்லை.

நேரமும் அதிகம் இல்லை. அடுத்த வருடத்தோடு எங்கள் அணியின் ஸ்பிரிங்கர், காஸ்மன், வார்ஷோ மூவருக்கும் ஒப்பந்தம் முடிகிறது. இந்தக் கூட்டத்தை இப்படியே இன்னொரு முறை ஒக்டோபரில் பார்க்க 2026தான் இருக்கிறது.

மகள் கிறிஸ்மஸுக்கு 11ஆம் இலக்கச் சட்டை கேட்டிருக்கிறாள், போவின் இலக்கம். ஒரு வாரமாக இணையக் கடையின் கூடையில் போட்டு வைத்திருக்கிறேன், காசு கட்டவில்லை. நேற்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்: "27 வாங்குவமே? விளாடிக்குப் பதினாலு வருஷத்துக்கு ஒப்பந்தம், பயமில்லை." கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "அப்பா, பதினொண்டு."